திருத்தணிப் பையனும் மதனப்பள்ளிப் பையனும்

(திருப்பதியில் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாணவர்மேல் நம்பிக்கை வைக்கும் ஆசிரியரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். இந்தப் பொருளில் பேச வருகிறவர்கள் துரோணரையும் அர்ஜுனனையும் அழைத்து வருவது வழக்கம். நான் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இருவரை அழைத்து வந்திருக்கிறேன். ஒருவர் திருத்தணியில் 1888இல் பிறந்து இந்தத் திருப்பதியில் பள்ளிக்கூடம் போனவர், சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மற்றவர் மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. அவர்கள் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் என்று ஒன்று இல்லை. திருத்தணி வடார்க்காட்டில் இருந்தது, மதனப்பள்ளி கடப்பையில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோதுதான் இரண்டு ஊர்களும் ஒரே எல்லைக்குள் வந்தன. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டது. இரண்டுமே தெலுங்கு பேசும் குடும்பங்கள். இருவர் தந்தையரும் வருவாய்க் கணக்கோடு வாழ்ந்தவர்கள்: ஒருவர் ஜமீனில் சிறிய அலுவலர், மற்றவர் அரசாங்கத்தில் தாசில்தார்.

இந்த இரண்டு பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே சென்னைப் பட்டணத்தில், ஆளுக்கொரு வெள்ளைக்காரர் கண்ணில் பட்டார்கள். 1908இல் ஒருவர், 1909இல் மற்றவர். இரண்டு இடத்திலும் பெரியவர் சிறியவர்மேல் நம்பிக்கை வைத்தார். அந்த நம்பிக்கைகள் இரண்டும் ஒரே வகையானவை அல்ல. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது அந்த வேறுபாட்டைத்தான்.

முதலில் திருத்தணிப் பிள்ளையைப் பார்ப்போம். 1896இல் எட்டு வயதில் திருப்பதிக்கு வந்து, ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில் நான்கு ஆண்டு படித்தார். பிறகு வேலூர் ஊரிசுக் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. எல்லாம் உதவித்தொகையில் நடந்த படிப்பு. தத்துவத்தைப் பாடமாக எடுத்ததற்குக்கூடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. உறவுக்காரப் பையன் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன, அவ்வளவுதான். புத்தகம் வாங்கப் பணமில்லாத வீடு எடுத்த முடிவு அது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கிறித்தவக் கல்லூரியில் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தத்துவம் கற்பித்தார். மிஷனரி. 1903இல் சென்னைக்கு வந்தவர். கர்மக் கொள்கையைக் கிறித்தவ மீட்புக் கொள்கையோடு ஒப்பிட்டுக் கடுமையாக ஆராய்ந்து எழுதியவர். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை, உலகமே மாயை என்றால் நல்லது செய்ய வேண்டிய அவசியம் என்ன என்பது அன்றைய மிஷனரிகள் ஓயாமல் கேட்ட கேள்வி. வைதிக வீட்டிலிருந்து வந்த மாணவர் ராதாகிருஷ்ணனை அந்தக் கேள்வி உலுக்கியது. பின்னாளில் அவரே அதை எழுதியிருக்கிறார். உலுக்கப்பட்டவர் என்ன செய்தார்? அந்தக் கேள்வியையே முதுகலை ஆய்வுரையின் பொருளாக எடுத்துக்கொண்டார். வேதாந்தத்தின் அறவியலும் அதன் மெய்ப்பொருள் அடிப்படையும் என்பது தலைப்பு. ஆசிரியர்களின் குற்றச்சாட்டுக்கு மாணவர் எழுதிய மறுப்புரை என்றே அதைச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு வயது இருபது. மதிப்பெண் போடப் போகிறவரோ ஹாக்.

பேராசிரியர் புண்பட்டுவிடுவாரோ என்று அந்த இளைஞர் அஞ்சியிருக்கிறார். ஹாக் அதைப் படித்துவிட்டு ஒரு சான்றுரை எழுதிக் கொடுத்தார். தத்துவச் சிக்கலின் முக்கியமான பக்கங்களை இந்த மாணவர் வியக்கத்தக்க அளவு புரிந்துகொண்டிருக்கிறார், சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் திறன் இவருக்கு இருக்கிறது, ஆங்கிலமும் நன்றாக வருகிறது என்பது அதன் சாரம். 1908இலேயே ஆய்வுரை அச்சேறியது. மறு ஆண்டு ராதாகிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார்.

ஹாக் செய்யாமல் விட்டதைக் கவனியுங்கள். "நீ சொல்வது சரி" என்று அவர் எழுதவில்லை. அவர் மதம் மாறவும் இல்லை, மாணவரை மாற்ற முயலவும் இல்லை. ஒரு மனிதன் தன்னை மறுத்து எழுதியதைப் படித்து, இவனால் சிந்திக்க முடியும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன்னோடு உடன்படுகிற மாணவனை மெச்ச எல்லோராலும் முடியும். தன்னை எதிர்க்கிற மாணவனுக்கு, அவன் எதிர்ப்பின் தரத்தைப் பார்த்துச் சான்று தருவது பெரிய மனசு. அந்தச் சான்றுரையைவிட நல்ல ஆசிரியச் செயல் ஒன்றை இந்தப் பகுதியின் வரலாற்றில் யாராலும் எனக்குக் காட்ட முடியாது.

இதற்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து, 1938இல், தாம்பரத்தில் உலக மிஷனரிகளின் மாநாடு கூடியது. ஹாக்கும் அதில் கலந்துகொண்டார். பிற மதங்களில் உண்மையான இறைப்பற்று இருக்க முடியாது என்பதுபோன்ற கடுமையான கருத்துக்கு அந்த மாநாட்டில் பெரிய செல்வாக்கு இருந்தது. ஹாக் அதற்கு எதிராக வாதிட்டார். கிறித்தவர் அல்லாதவரிடமும் மெய்யான இறைநம்பிக்கை உண்டு என்பது அவர் நிலை. அந்த எண்ணத்தின் வித்து அவரிடம் முன்பே இருந்தது. ஆனாலும் முப்பத்தைந்து ஆண்டு சென்னை வகுப்பறையில் இந்துப் பிள்ளைகளோடு நேர்மையாக வாதாடிய பழக்கம் அந்தக் குரலுக்கு உரம் கொடுத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். மாணவனை மெய்யாக நம்புகிற ஆசிரியரும் வளர்கிறார்.

இனி மதனப்பள்ளிப் பிள்ளை. கிருஷ்ணமூர்த்தி எட்டாவது குழந்தை, அதனால் அந்தப் பெயர். அடிக்கடி மலேரியா. பத்து வயதில் தாய் சஞ்சீவம்மா இறந்துபோனார். தந்தை நாராயணய்யா ஓய்வு பெற்ற பிறகு, 1909 தொடக்கத்தில் பிள்ளைகளோடு அடையாறு பிரம்மஞான சபைக்குக் குடிவந்தார். பையன் படிப்பில் மந்தம் என்று பெயரெடுத்தவன். எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பான், பதில் வராது. பள்ளிக்கூடத்தில் அன்றாடம் பிரம்படி. சபையில் அவனுக்கு வீட்டுப்பாடத்தில் உதவிய எர்னஸ்ட் வுட் என்ற இளைஞரும் அவனை மந்தபுத்தி என்றே நினைத்தார்.

அந்தப் பையனை அடையாற்றுக் கடற்கரையில் சபையைச் சேர்ந்த சார்லஸ் லெட்பீட்டர் பார்த்தார். அவனைச் சுற்றி அதிசயமான ஒளி தெரிகிறது, அதில் சுயநலத்தின் துளிகூட இல்லை என்றார். உலகம் எதிர்பார்க்கும் ஜகத்குரு இறங்கி வரப்போகும் உடல் இதுதான் என்பது அவர் முடிவு. சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அதை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டார். 1911இல் அவனைத் தலைவனாக வைத்துக் கிழக்கு நட்சத்திர சங்கம் என்ற அமைப்பே உருவாயிற்று. பிள்ளைகளைத் திரும்பக் கேட்டுத் தந்தை வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்தை வென்றார், 1914இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் பெசன்ட் வென்றார். பிள்ளைகள் இங்கிலாந்தில் வளர்ந்தார்கள்.

பிரம்படி வாங்கிக்கொண்டிருந்த, எல்லோரும் கைவிட்ட ஒரு தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார்களே, அது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். அடி நின்றது. நல்ல உணவு கிடைத்தது. அன்னி பெசன்டிடம் தாயன்பு கிடைத்தது. அவரைக் கிருஷ்ணமூர்த்தி வாழ்நாள் முழுவதும் அம்மா என்றே நினைவுகூர்ந்தார். அந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கையில் பையனுக்கென்று ஒரு வேலையும் மிச்சம் வைக்கப்படவில்லை. அவன் யாராக ஆகப்போகிறான் என்பது அவனைக் கேட்காமல் முடிவாகிவிட்டது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் அந்த முடிவுக்குப் பொருந்தி நிற்பது. லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதியும் அவரால் தேற முடியவில்லை, ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளும் இடம் தரவில்லை. உலகத்தின் குரு என்று பல நாடுகளில் மக்கள் வணங்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒரு சாதாரணத் தேர்வில் தோற்றுக்கொண்டிருந்தார். அந்த மனத்தின் பாரத்தை நினைத்துப் பாருங்கள்.

1925 நவம்பரில் தம்பி நித்யா இறந்தார். நித்யா பிழைப்பான், அவன் வாழ்வு இந்தப் பணிக்குத் தேவை என்று, சபையார் நம்பிய மகாத்மாக்களின் பெயரால் உறுதி சொல்லப்பட்டிருந்தது. இந்தியாவுக்கு வரும் கப்பலில் செய்தி கிடைத்தது. தமக்காகப் பிறர் கட்டிவைத்திருந்த எல்லாம் அந்தக் கப்பலில் ஆட்டம் கண்டன. 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஹாலந்தில் ஓம்மென் என்ற ஊரில், சுமார் மூவாயிரம் பேர் முன்னிலையில், பெசன்ட் அம்மையார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, சங்கத்தைக் கலைத்துவிட்டேன் என்று அவர் அறிவித்தார். காணிக்கையாக வந்த நிலமும் மாளிகையும் கொடுத்தவர்களுக்கே திரும்பின. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு.

ஆக, இரண்டு மாணவர்களும் தங்கள் குருமார்களை மறுத்தார்கள். ராதாகிருஷ்ணன் இருபது வயதில், ஒரு கட்டுரையில், பயந்துகொண்டே மறுத்தார். அந்த மறுப்பை அவர் ஆசிரியர் சான்றுரையாகத் திருப்பித் தந்தார். கிருஷ்ணமூர்த்தி மறுக்க இருபது ஆண்டு ஆயிற்று. ஒரு தம்பியின் மரணமும், உலகளாவிய ஓர் அமைப்பைத் தம் கையாலேயே உடைப்பதும் தேவைப்பட்டன. மாணவன் எதிர்த்துப் பேச இடம் வைத்திருந்ததால் ஹாக்கின் நம்பிக்கை அவனை ஒரு நாளில் நிமிர வைத்தது. லெட்பீட்டரின் நம்பிக்கையில் அந்த இடம் இல்லை.

இது நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். ஜகத்குரு என்று நாம் யாரையும் சொல்வதில்லைதான். "இவன் டாக்டர்தான் ஆவான்" என்று சொல்கிறோமே, "இவள் கலெக்டர் ஆகிறவள்" என்று ஆண்டுவிழா மேடையில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோமே! அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தால் அவள் யார் முகத்தில் விழிப்பாள்? ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வராத பையனை மந்தம் என்று எழுதிவைப்பது ஒரு கொடுமை. கணக்கு வருகிற பையனை ஐஐடி என்று எழுதிவைப்பதும் அதன் உடன்பிறப்பு. இரண்டிலும் பிள்ளையைப் பார்ப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம்.

ஹாக்கைப் போன்ற இன்னொருவரையும் சொல்ல வேண்டும், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் முகர்ஜி. 1917இல் நிதித்துறை அதிகாரியாக இருந்த சி.வி.ராமனைப் பேராசிரியராக்கினார். அந்த இருக்கைக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை. ராமன் அதற்காக வெளிநாடு போக மாட்டேன் என்றார். முகர்ஜி ராமனை விட்டுவிட்டு வேறு ஆள் தேடவில்லை, நிபந்தனையை மாற்றினார். 1921இல் மைசூரிலிருந்த ராதாகிருஷ்ணனை, வெளிநாட்டுப் பட்டம் இல்லாத முப்பத்திரண்டு வயதுக்காரரை, இந்தியாவிலேயே பெரிய தத்துவ இருக்கையில் உட்காரவைத்தார். பாராட்டுக் கூட்டத்தில் மாலை போடுவது எளிது. விதியைத் திருத்திக் கையொப்பமிடுவது செலவு பிடிக்கிற நம்பிக்கை. தவறினால் பழி அவர் தலையில் விழும்.

தாம் பெற்றதை ராதாகிருஷ்ணன் திருப்பியும் கொடுத்தார். 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது வால்டேருக்கு இளைஞர்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார். ஹுமாயூன் கபீர் வந்தார். ஹிரேன் முகர்ஜியும் வந்தார். ஹிரேன் மார்க்சியர், பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியின் பெரிய நாடாளுமன்றப் பேச்சாளர். ராதாகிருஷ்ணனோ ஆன்ம தத்துவம் பேசியவர். தம் கொள்கைக்கு நேர் எதிரான ஓர் இளைஞருக்கு வகுப்பறையைத் திறந்துவிட அவரால் முடிந்தது.

இந்தப் பழக்கம் கல்லூரிக்காரர்களின் சொத்து மட்டுமல்ல. புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் குருகுலவாசம் செய்து, லயக் கணக்கில் அசைக்க முடியாத வித்துவானாகி, 1954இல் சங்கீத கலாநிதி ஆனவர். அவரிடம் பல ஆண்டு இருந்து படித்தவர் சுவாமிமலையில் பிறந்த மதுரை சோமு. சோமுவின் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் குருவின் கணக்குக் கட்டுப்பாடு அடியில் இருக்கும், மேலே பாய்கிற உருக்கம் முழுக்க முழுக்க சோமுவுடையது. கோயில் திருவிழாக் கூட்டம் விடிய விடிய உட்கார்ந்து கேட்டது அந்த உருக்கத்தைத்தான். தெலுங்கு வீட்டுக் குரு, தமிழ் வீட்டுச் சீடர். தன் குரலின் நகலைச் சீடனிடம் கேட்காத குரு அமைந்ததால் தமிழுக்கு ஒரு சோமு கிடைத்தார்.

ஆராய்ச்சிக்காரர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ரோசெந்தாலும், பள்ளி முதல்வரான லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் எடுத்து, இவர்கள் இந்த ஆண்டு மலரப் போகிறார்கள் என்று தேர்வு காட்டுகிறது என ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் வித்தியாசம் அவ்வளவாக இல்லை. இந்த ஆய்வின்மேல் கடும் விமர்சனம் உண்டு. மந்திரம்போல் இதை மேடைகளில் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் ரோசெந்தால் பின்னர் காட்டியது நமக்குப் பயன்படும். நம்புகிற பிள்ளையிடம் ஆசிரியர் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கிறார், பதிலுக்குக் கொஞ்சம் அதிக நேரம் காத்திருக்கிறார், தவறை விளக்கித் திருத்துகிறார். நம்பிக்கை மனத்தில் இருந்தால் போதாது, அது கடிகாரத்தில் தெரிய வேண்டும்.

அது கடிகாரத்தில் தெரிந்த ஓர் இடம் இங்கிருந்து பேருந்தில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது. சங்கத்தைக் கலைத்த கிருஷ்ணமூர்த்தி மதனப்பள்ளிப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அமைத்த ரிஷி வேலிப் பள்ளியைத்தான் சொல்கிறேன். அந்த வளாகத்திலிருந்து பத்மநாப ராவ், ராமா என்ற இருவர் சுற்றியுள்ள குக்கிராமங்களில் சிறு பள்ளிகளைத் தொடங்கினார்கள். ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படிபோல் வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டினார்கள். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுக்கும். சில அட்டைக்கு ஆசிரியர் வேண்டும், சில அட்டைக்குப் பக்கத்துப் பிள்ளை போதும், சிலதைத் தனியாகவே முடிக்கலாம். ஆடு மேய்க்கப் போய்ப் பத்து நாள் வராத பிள்ளை, திரும்பி வந்து விட்ட படியிலிருந்து தொடங்கும். யாரும் அதை மந்தம் என்று எழுதமாட்டார்கள். ஆறு வயதுக் குழந்தை தன் படிப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு பெரியவர் நம்பினால் எந்த மாதிரி வகுப்பறை வேண்டுமோ, அந்த வகுப்பறை அது. பிரம்படி வாங்கிய பையனின் பள்ளியிலிருந்து அது வெளிவந்ததை நினைத்தால் எனக்கு உள்ளம் நிறைகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் காலத்தில், 2003இல், மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கு வந்து பார்த்தார்கள். திரும்பிப் போய்த் தாங்களே உட்கார்ந்து தமிழில் அட்டைகளை எழுதினார்கள். செயல்வழிக் கற்றல் என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது, அவர்கள் எழுதியதைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் வந்தது. சில ஆண்டுகளில் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போயிற்று.

அங்கே நடந்ததை நாம் நேராகப் பார்க்க வேண்டும். முதலில் அட்டை எழுதிய ஆசிரியர்கள் அதைச் சொந்தப் பிள்ளைபோல் நேசித்தார்கள். ஆணையாக வந்து சேர்ந்த ஊர்களில் பல ஆசிரியர்களுக்கு அது பெட்டியில் வந்த வேலை ஆயிற்று. அட்டை எண்ணைப் பதிவேட்டில் ஏற்றினால் போதும் என்ற நிலையும் வந்தது. அட்டை ஒன்றுதான். முன்னவர்களிடம் "உங்களால் எழுத முடியும்" என்று ஒருவர் சொல்லியிருந்தார், பின்னவர்களிடம் "இதைச் செய்யுங்கள்" என்று சுற்றறிக்கை சொன்னது. யாரும் நம்பாத ஆசிரியர் பிள்ளையை எப்படி நம்புவார்?

ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் கற்பிக்கச் சேர்ந்தவர்கள் பலர் அந்தந்தப் பகுதி இளைஞர்கள். பெரிய பட்டங்களோடு வந்தவர்கள் அல்லர். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறகு அவர்களையே உள்ளூர்க் கதையும் பாட்டும் சேர்த்துப் பாட அட்டை உருவாக்கச் சொன்னார்கள். அங்கே நம்பிக்கை முதலில் ஆசிரியரிடம் வந்து, அதன்பின் பிள்ளையிடம் போயிற்று.

இந்த அரங்கில் கல்வித்துறை அதிகாரிகள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மலையோரத்து ஓராசிரியர் பள்ளிக்குப் புதிதாகப் போகிற இளைய ஆசிரியர்கள் இந்த வரிசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஆண்டில் மாதம் ஒரு நாள், நன்றாகக் கற்பிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். இன்னொரு நாள் அந்த மூத்தவர் இவர்கள் வகுப்புக்கு வந்து, பதிவேட்டைக் கேட்காமல், கடைசி வரிசையில் பிள்ளைகளோடு உட்காரட்டும். அந்த இரண்டு நாளையும் விடுப்பில் கழிக்காமல் பணி நாளாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவருக்குப் பேருந்துக் கட்டணத்தையும் கொடுத்துவிடுங்கள். இதற்குப் பெரிய திட்டமோ தனி நிதியோ தேவைப்படாது, வருகிற கல்வியாண்டிலேயே ஒரு மண்டலத்தில் தொடங்கிப் பார்க்கலாம். அந்த மூத்த ஆசிரியர்களின் பட்டியலைத் தயாரிக்க என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.